அத்தியாயம் 6: டிசைன் சிஸ்டம் – கட்டுவதும் காப்பதும்

ஒரு நிறுவனத்தில் மூன்று அணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று வாடிக்கையாளருக்கான மொபைல் ஆப் செய்கிறது. இன்னொன்று இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது, கிளை அலுவலக ஊழியர்களுக்கான உள் மென்பொருளை எழுதுகிறது. மூன்றிலும் பணம் கட்டும் பட்டன் உண்டு. ஆப்பில் அது பச்சை, இணையதளத்தில் நீலம், உள் மென்பொருளில் சாம்பல். ஒன்றில் ‘செலுத்து’ என்றிருக்கிறது, இன்னொன்றில் ‘பணம் கட்டவும்’, மூன்றாவதில் ‘சமர்ப்பி’. ஆப்பில் ஒருமுறை தட்டியதும் பட்டன் பூட்டிக்கொள்கிறது. இணையதளத்தில் அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினால் இரண்டு முறை பணம் போகிறது. மூன்று அணியிலும் கெட்டிக்காரர்கள்தான் இருக்கிறார்கள். ஒரே கேள்விக்குத் தனித்தனியாக உட்கார்ந்து மூன்று விடை கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு ஒருமுறை விடை கண்டு, அதைக் காரணத்தோடு எழுதிவைத்து, எல்லா அணிகளும் எடுத்துப் பயன்படுத்தும்படி கோடாகவும் படமாகவும் கொடுத்து, தவறு தெரிந்தால் ஒரே இடத்தில் திருத்துவதற்கான ஏற்பாடுதான் டிசைன் சிஸ்டம். ஃபிக்மா கோப்பும் காம்போனென்ட் தொகுப்பும் அதன் கண்ணில் படும் பகுதிகள். உள்ளே இருப்பவை முடிவுகள். முடிவுகளை எடுப்பது சில மாத வேலை. அவற்றைக் காப்பது அந்த நிறுவனம் மென்பொருள் செய்யும் காலம் வரைக்குமான வேலை. பெரும்பாலான டிசைன் சிஸ்டங்கள் கட்டும்போது தோற்பதில்லை, இரண்டாம் ஆண்டில் கவனிப்பாரற்றுப் போகின்றன. அதனால், எதையெல்லாம் சேர்ப்பது என்பதைவிட, எதைச் சேர்க்காமல் விடுவது, சேர்த்ததை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகளுக்கே இந்த அத்தியாயத்தில் அதிக இடம்.

உதாரணங்கள் பலவும் பிரிட்டன் அரசின் கவ்.யுகே டிசைன் சிஸ்டத்திலிருந்து வரும். கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2014-லும், சேல்ஸ்ஃபோர்ஸின் லைட்னிங் 2015-லும் வந்துவிட்டன, கவ்.யுகே டிசைன் சிஸ்டம் 2018 ஜூனில்தான் வந்தது. ஆனால் அதன் கோட், வழிகாட்டுதல், ஒவ்வொரு காம்போனென்ட் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் என எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன. கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

முதலில்: உங்களுக்கு இது தேவையா?

ஒரே ஒரு ஆப், ஐந்து பேர் கொண்ட அணி, எல்லாரும் ஒரே அறையில். இந்த நிலையில் சொந்த டிசைன் சிஸ்டம் கட்டுவது வீண் செலவு. மெட்டீரியலையோ ஐபிஎம்-மின் கார்பனையோ எடுத்து, நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டால் போதும். இவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கவ்.யுகே கோடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் அதன் கிரீடச் சின்னத்தையும் ‘ஜிடிஎஸ் டிரான்ஸ்போர்ட்’ எழுத்துருவையும் அந்த அரசுச் சேவைகளுக்கு வெளியே பயன்படுத்தக்கூடாது.

கீழே உள்ள நான்கில் குறைந்தது இரண்டு உண்மையாக இருந்தால் மட்டும் சொந்தமாகக் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்:

1. ஒரே பயனாளர், உங்கள் நிறுவனத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்புகளைத் தொடுகிறார்.
2. ஒரே பிழையை வெவ்வேறு அணிகள் தனித்தனியாகத் திருத்துகின்றன.
3. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அல்லது பிராண்டுகளில் அதே திரைகள் ஓட வேண்டும்.
4. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மை சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ கட்டாயம்.

நான்காவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பொதுத்துறை இணையதளங்களுக்கான அணுகல்தன்மை விதிமுறைகள் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஏற்கெனவே இருந்த தளங்களுக்கு 2020 செப்டம்பர் 23 வரை அவகாசம் தரப்பட்டது. பொதுக் காம்போனென்ட்களை ஒரே இடத்தில் சரிசெய்ய முடிந்ததால், ஒவ்வொரு துறையும் தன் படிவங்களைத் தனியாகப் பழுதுபார்க்கும் சுமை கணிசமாகக் குறைந்தது.

இருப்பதைக் கணக்கெடுங்கள்

புதிதாக எதையும் வரைவதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். எல்லாத் தயாரிப்புகளிலிருந்தும் எல்லாப் பட்டன்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரே பலகையில் ஒட்டுங்கள். பிறகு உள்ளீட்டுப் பெட்டிகள், பிழைச் செய்திகள், தேதி கேட்கும் இடங்கள், அட்டவணைகள், காலியான திரைகள் என வரிசையாக. ‘அடாமிக் டிசைன்’ எழுதிய பிராட் ஃப்ராஸ்ட் 2013 வாக்கில் பிரபலப்படுத்திய முறை இது. செலவில்லாத இந்த வேலைக்கு ஒரு பெரிய பலன் உண்டு: நிர்வாகத்திடம் பத்துப் பக்க அறிக்கை கொடுப்பதைவிட, நாற்பது விதமான பட்டன் ஒட்டிய ஒரு பலகையைக் காட்டினால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும்.

கணக்கெடுப்பில் மூன்று பத்திகள் போதும்: என்ன, எங்கே, ஏன் வேறுபடுகிறது. மூன்றாவது பத்தியை நிரப்பாமல் விடாதீர்கள். சில வேறுபாடுகள் நியாயமானவை. வங்கிக் கிளை ஊழியர் ஒரு நாளில் நூறு படிவம் நிரப்புகிறார். அவருக்கு நெருக்கமான அட்டவணையும் கீபோர்டு வழியும் வேண்டும். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வருகிறார். அவருக்கு ஒரு திரைக்கு ஒரு கேள்வி. இருவருக்கும் ஒரே இடைவெளியைத் திணித்தால் இருவருமே திட்டுவார்கள். கவ்.யுகே-யின் வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று இதையே சொல்கிறது: ஒத்திசைவு வேண்டும், ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்க வேண்டியதில்லை.

பலகையைப் பார்த்து, அதிக இடங்களில் வருவதும் அதிகப் புகார் வருவதுமான ஐந்து காம்போனென்ட்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக அவை பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, பிழைச் செய்தி, தேர்வுப் பெட்டி, பக்கத் தலைப்பு. அறிமுக நாளன்றே அறுபது காம்போனென்ட் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அறுபதையும் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டால் ஆசை அடங்கும்.

டோக்கன்: முடிவுக்கு ஒரு பெயர்

நிறம், இடைவெளி, எழுத்தின் அளவு, மூலையின் வளைவு, நிழல், அசைவின் வேகம் ஆகியவற்றை நேரடி எண்ணாக கோடில் எழுதாமல், பெயர் கொடுத்து ஒரே இடத்தில் வைப்பதற்கு டோக்கன் என்று பெயர். இந்தச் சொல்லும் முறையும் சேல்ஸ்ஃபோர்ஸின் லைட்னிங் அணியிலிருந்து பரவியவை. இணையத்துக்கு சி.எஸ்.எஸ். மாறியாகவும், ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் அவற்றின் சொந்த வடிவிலும் ஒரே மூலத்திலிருந்து பிரித்துக் கொடுக்கலாம். அமேசானில் உருவான ‘ஸ்டைல் டிக்‌ஷனரி’ போன்ற இலவசக் கருவிகள் இந்த வேலையைச் செய்யும்.

டோக்கனை இரண்டு அடுக்காக வையுங்கள். முதல் அடுக்கு கையிருப்பு: நீலம்-600, சாம்பல்-100, இடைவெளி-4 என்பன போல. இரண்டாம் அடுக்கு பயன்: முதன்மைச் செயலின் பின்னணி, பிழை எழுத்து, அட்டையின் உள் இடைவெளி. தயாரிப்பு அணிகள் இரண்டாம் அடுக்கை மட்டுமே தொட வேண்டும். இரவுத் திரை கொண்டுவரும் நாளில் இந்த விதியின் பலன் தெரியும். ‘பிழை எழுத்து’ என்ற பெயர் அப்படியே இருக்கும்; அது சுட்டும் சிவப்பு மட்டும் மாறும். ‘சிவப்பு-700’ என்று நேரடியாக எழுதியிருந்தால் ஆயிரம் இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும்.

இடைவெளிக்குக் குறைவான படிகளே போதும். கவ்.யுகே-யில் 0, 5, 10, 15, 20, 25, 30, 40, 50, 60 பிக்சல் எனப் பத்துப் படிகள்தான். மெட்டீரியல் எட்டின் மடங்குகளில் நடக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடுவில் ‘13 பிக்சல்’ கேட்டு வருபவருக்கு மறுப்புச் சொல்லத் தெரிய வேண்டும்.

நிறத்தில் ரசனைக்கு முன் கணக்கு வரட்டும். டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் நெறியின் இரண்டாம் நிலைப்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும். பெரிய எழுத்துக்கும், பெட்டியின் ஓரக்கோடு போன்றவற்றுக்கும் 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54:1 பெற்றுத் தேறுகிறது. ஒரு படி வெளுத்த #777777 வெறும் 4.48:1, தேறாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இந்தச் சோதனையை டோக்கன் கோப்பிலேயே தானியங்கியாக வைத்துவிட்டால், ஒவ்வொரு திரையிலும் சண்டை போட வேண்டாம்.

ஒரு காம்போனென்ட்டை முழுசாகச் செய்வது: பட்டன்

பட்டனை ஃபிக்மாவில் வரைய பத்து நிமிடம் ஆகும். அதை முடிப்பதற்குள் கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியாக வேண்டும்.

*நிலைகள்:* இயல்பு, மவுஸ் மேலே வரும்போது, கீபோர்டு ஃபோகஸ், அழுத்தும்போது, காத்திருக்கும்போது, முடக்கம். பலர் மறப்பது ஃபோகஸ் நிலை. மவுஸ் இல்லாமல் டேப் விசையால் நகர்பவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லும் ஒரே அடையாளம் அது. டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 வந்த பிறகு, 2019-ல் கவ்.யுகே தன் ஃபோகஸ் அடையாளத்தை மஞ்சளும் தடித்த கறுப்புக் கோடும் சேர்ந்த வடிவுக்கு மாற்றியது. அழகுப் போட்டியில் அது ஜெயிக்காது. ஆனால் எந்தப் பின்னணியிலும் தொலைந்துபோகாது.

*முடக்கம்:* தகவல் நிரப்பும்வரை பட்டனை மங்கலாக்கி வைப்பது பலருடைய வழக்கம். முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது கவ்.யுகே. மங்கிய எழுத்து படிக்கச் சிரமம். ஏன் அழுத்த முடியவில்லை என்பதும் பயனாளருக்குப் புரியாது. அழுத்த விடுங்கள், என்ன குறை என்று பிழைச் செய்தியில் சொல்லுங்கள்.

*இரட்டைத் தட்டல்:* கவ்.யுகே பட்டனில் ஒரு விருப்பத் தேர்வு உண்டு. அதை இயக்கினால், முதல் அழுத்தலுக்குப் பின் ஒரு விநாடிக்குள் வரும் இரண்டாவது அழுத்தல் கணக்கில் வராது. நாம் தொடக்கத்தில் பார்த்த பணப் பிரச்சினையில் ஒரு பங்கை இது தீர்க்கும். மீதிப் பங்கு சர்வரின் பொறுப்பு. ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் ஒருமுறைதான் பணம் எடுக்க வேண்டும். காம்போனென்ட்டின் ஆவணத்தில் இந்த எல்லையையும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ‘பட்டன் பார்த்துக்கொள்ளும்’ என்று சர்வர் அணி சும்மா இருந்துவிடும்.

*அளவு:* 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, தொடும் இடம் குறைந்தது 24×24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. சில விலக்குகளும் உண்டு. அது கடைசி எல்லை. ஆப்பிள் 44 புள்ளியும் மெட்டீரியல் 48 அலகும் பரிந்துரைக்கின்றன. ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தட்டுபவரை நினைத்துப் பெரிய எண்ணையே எடுங்கள்.

*சொல்:* பட்டனில் இருக்கும் சொல், அழுத்தினால் நடப்பதைச் சொல்ல வேண்டும். ‘சமர்ப்பி’ எதையும் சொல்வதில்லை. ‘ரூ.640 செலுத்து’ எல்லாவற்றையும் சொல்கிறது.

படிவ வழக்கங்கள்

காம்போனென்ட்களைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்கும் வழிதான் வழக்கம்: முகவரி கேட்பது, தேதி கேட்பது, பிழையைக் காட்டுவது, பணம் கட்டுவதற்கு முன் சரிபார்க்கச் சொல்வது. டிசைன் சிஸ்டத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டி விரியும் பெட்டி பார்க்க அழகு. 1958-ல் பிறந்தவர் அதில் பின்னோக்கித் தட்டிக்கொண்டே போக வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த தேதிகளுக்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று எழுத்துப் பெட்டிகளையே கவ்.யுகே பரிந்துரைக்கிறது. ஒரு பெட்டி நிரம்பியதும் தானாக அடுத்ததற்குத் தாவ வைக்கவும் கூடாது. அது கீபோர்டு பயனாளரைக் குழப்பும். நாள்காட்டியை, ‘அடுத்த செவ்வாய்’ போன்ற கிழமை சார்ந்த தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண் கேட்கும் பெட்டியும் ஒரு நல்ல பாடம். உலாவி தரும் எண் வகைப் பெட்டியில், பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தைச் சுழற்றும்போது, உள்ளே இருக்கும் எண் பயனாளர் அறியாமல் மாறிவிடக்கூடும். குரல்வழி இயக்கும் சில மென்பொருள்களும் அதில் தடுமாறின. 2020-ல் கவ்.யுகே அணி தன் பரிந்துரையை மாற்றியது: சாதாரண எழுத்துப் பெட்டியையே வைத்து, எண் கீபோர்டு மட்டும் திறக்கும்படி குறிப்பு கொடுத்தது. ஓர் அணி ஆராய்ந்து கண்டுபிடித்ததைப் பல துறைகள் ஆராயாமலே பெற்றன. டிசைன் சிஸ்டத்துக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும்போது இந்த வகைக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்த் திரைக்கு வேண்டியவை

வெளிநாட்டு டிசைன் சிஸ்டத்தை எடுத்து மொழிபெயர்த்தால் தமிழ்த் திரை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மொழி, இலங்கையில் மூன்று, சிங்கப்பூரில் நான்கு எனப் பல மொழிகளில் ஒரே படிவம் ஓட வேண்டியிருக்கிறது. ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டியவை:

*வரி உயரம்.* தமிழில் மேலே விசிறியும் புள்ளியும் உண்டு, கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு. இங்கிலீஷ் தலைப்புக்கு எழுத்தளவின் 1.2 மடங்கு வரி உயரம் போதும். அதே அளவில் இரண்டு வரித் தமிழ்த் தலைப்பில் மேல்வரிச் சுழியும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்ளும். தெற்காசிய எழுத்துகளுக்குக் கூடுதல் வரி உயரம் தேவை என்று மெட்டீரியலும் தனியாக வகுத்திருந்தது. மொழிவாரியாக வரி உயர டோக்கன் வையுங்கள், உடலுரைக்கு 1.6-லிருந்து சோதிக்கத் தொடங்கலாம்.

*நீளம்.* ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்பது ஒரே சொல். நடுவில் உடைக்க இடைவெளி கிடையாது. பட்டனுக்கும் பட்டைத் தலைப்புக்கும் நிலையான அகலம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு காம்போனென்ட்டையும் உங்கள் தயாரிப்பிலேயே மிக நீளமான தமிழ்ச் சொல்லைப் போட்டுச் சோதியுங்கள். மாதிரிக்கு ‘தலைப்பு’ என்று எழுதிப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை.

*வெட்டு.* ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடு கணக்கில் 5 குறியீடு. நான்கு குறியீட்டோடு வெட்டச் சொன்னால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். பெயரைச் சுருக்குவது, மீதமுள்ள எழுத்தை எண்ணிக் காட்டுவது, பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் போடுவது ஆகிய மூன்றிலும் இந்தத் தவறு வரும். முழு எழுத்தாக வெட்டும் செயல்பாட்டை ஒருமுறை எழுதி டிசைன் சிஸ்டத்திலேயே வைத்துவிடுங்கள். குறுஞ்செய்தியையும் இதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: இங்கிலீஷில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான்.

*அழுத்தம்.* தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமும் கிடையாது. உலாவி செயற்கையாகச் சாய்த்துவிடும். முக்கியத்துவத்தைத் தடிமன், அளவு, இடைவெளி ஆகியவற்றால் மட்டும் காட்டுங்கள். பிராண்ட் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு துணை எழுத்துருவை நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு போனும் தன்னிடம் இருப்பதைப் போட்டுக்கொள்ளும்.

ஆவணம்: ஒரு பக்கத்துக்கு ஆறு தலைப்பு

ஒவ்வொரு காம்போனென்ட்டுக்கும் ஒரே வரிசையில் ஒரு பக்கம் எழுதுங்கள்:

1. எப்போது பயன்படுத்துவது.
2. எப்போது பயன்படுத்தக்கூடாது, அதற்கு மாற்று எது.
3. நகலெடுக்கத் தயாரான கோடும் இயங்கும் மாதிரியும்.
4. திரையில் வரும் சொற்களும் பிழைச் செய்திகளும், எல்லா மொழிகளிலும்.
5. கீபோர்டு, திரைவாசிப்பான் சோதனைகளின் முடிவு.
6. எந்தப் பயனாளரிடம் சோதித்தோம், என்ன தெரியவந்தது, என்ன இன்னும் சோதிக்கவில்லை.

இரண்டாவதையும் ஆறாவதையும் எழுதுபவர்கள் குறைவு. வாசகருக்கு அதிகம் பயன்படுபவை அவைதான். ‘எப்போது கூடாது’ என்று எழுதாத காம்போனென்ட் எல்லா இடத்திலும் நுழைந்துவிடும். சோதனைக் குறிப்பு இல்லாத முடிவை, அடுத்து வரும் டிசைனர் தன் ரசனைப்படி மாற்றிவிடுவார்.

அணுகல்தன்மையைத் தானியங்கிக் கருவியால் மட்டும் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். கருவிக்குத் தெரியாத பிழைகள் ஏராளம். மவுஸை எடுத்துவைத்துவிட்டு முழுப் படிவத்தையும் நிரப்பிப் பாருங்கள். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் ஆகியவற்றில் தமிழ்க் குரலை வைத்துக் கேளுங்கள். நல்ல காம்போனென்ட்களை மோசமான வரிசையில் அடுக்கினால் பக்கம் மோசமாகத்தான் இருக்கும் என்பதையும் அணிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

யார் சேர்க்கலாம், யார் மறுப்பது

டிசைன் சிஸ்டம் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. கழுவும் முறை யாருடையது என்று எழுதிவைக்காவிட்டால் யாரும் ஏறிக் கழுவமாட்டார்கள்.

பொறுப்பை அமைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. ஒரு தயாரிப்பு அணி தனக்காகச் செய்து மற்றவர்களுக்கும் தருவது. தனியாக ஒரு மைய அணி வைப்பது. ஒவ்வோர் அணியிலிருந்தும் சிலர் சேர்ந்து முடிவெடுப்பது. முதல் வழியில் அந்த அணியின் தேவையே எல்லாருடைய தேவையாகிவிடும். மூன்றாவது மட்டும் இருந்தால் கூட்டம் நடக்கும், கோட் எழுத ஆள் இருக்காது. சிறிய மைய அணியும், அதற்கு ஆலோசனை சொல்லப் பிற அணிகளின் பிரதிநிதிகளும் என்ற கலவைதான் நீடிக்கிறது. தொடக்கத்துக்கு ஒரு டிசைனரும் ஒரு டெவலப்பரும் போதும்; ஆனால் அவர்களுடைய நேரம் எழுத்தில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று ஒப்படைத்த வேலைக்கு நேரம் கிடைத்ததாக வரலாறு இல்லை.

சேர்க்கக் கேட்டு வரும் கோரிக்கைகளுக்கு கவ்.யுகே-யின் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யோசனையாக ஏற்க இரண்டு கேள்வி: பல அணிகளுக்குப் பயன்படுமா? ஏற்கெனவே இருப்பதன் நகலாக இல்லாமல் தனித்ததா? வெளியிடுவதற்கு முன் மேலும் மூன்று: உண்மையான பயனாளர்களிடம், மாற்றுத்திறனாளிகள் உட்பட, சோதித்து வேலை செய்கிறதா? மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா? வெவ்வேறு சூழல்களுக்கு வளைந்துகொடுக்குமா? பல துறையினர் அடங்கிய ஒரு குழு இதைப் பார்த்து முடிவு சொல்கிறது.

மறுக்கும்போது காரணத்தை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள். மறுத்ததைத் தன் தயாரிப்புக்குள் மட்டும் செய்துகொள்ள அந்த அணிக்கு வழியும் விடுங்கள். அதே தேவை மூன்றாவது அணியிலிருந்தும் வந்தால் கோப்பைத் திரும்பத் திறக்கலாம்.

பதிப்பு எண்ணும் ஒரு கிரீடமும்

டிசைன் சிஸ்டத்தை ஒரு மென்பொருள் தொகுப்பாக, பதிப்பு எண்ணோடு வெளியிடுங்கள். 4.2.1 என்ற எண்ணில் கடைசி இலக்கம் பிழைத்திருத்தம். நடுவில் இருப்பது பழையதை உடைக்காத புதுச் சேர்க்கை. முதல் இலக்கம் மாறினால், எடுத்துக்கொள்பவர் தன் கோடிலும் கை வைக்க வேண்டும் என்று பொருள். டிசைனர்கள் கவனிக்க: பட்டனின் உயரத்தை 4 பிக்சல் கூட்டுவதும் ஒருவருடைய திரையை உடைக்கலாம். பார்வைக்குத் தெரியும் மாற்றங்களை வெளியீட்டுக் குறிப்பில் முன்-பின் படத்தோடு காட்டுங்கள்.

இந்த ஒழுங்கு எதற்கு என்பதை 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் பார்க்க முடிந்தது. இரண்டாம் எலிசபெத் தேர்ந்தெடுத்தது புனித எட்வர்ட் கிரீடம். மூன்றாம் சார்லஸ் தேர்ந்தெடுத்தது டியூடர் கிரீடம். கவ்.யுகே சின்னத்தில் இருக்கும் கிரீடமும் மாற வேண்டியிருந்தது. புதிய கிரீடம் கவ்.யுகே தொகுப்பின் 5.1 பதிப்பில் வந்தது. 5-க்கு மாறாமல் பழைய 4-லேயே இருந்த சேவைகளுக்காக 4.8 என்றும் ஒரு பதிப்பு வந்தது. சேவைகள் மாற்றிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வார இடைவெளி அறிவிக்கப்பட்டது. தொகுப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு இது ஒரு பதிப்பு உயர்வு. இதே போன்ற நாள் உங்களுக்கும் வரும்: லோகோ மாறும், வரி விகிதம் காட்டும் முறை மாறும், ஒரு சட்டம் ஒப்புதல் பெட்டி கேட்கும். அப்போது கோடைக் கையால் நகலெடுத்து ஒட்டிய ஒவ்வொரு திரையையும் தேடிப் போக வேண்டியிருக்கும். பழைய பதிப்பில் இருப்பவரையும் கைவிடாமல் 4.8 கொடுத்ததைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை அப்படித்தான் வளரும்.

நீக்குவதற்கும் ஒரு முறை

சேர்க்கும்போது கைதட்டுவார்கள், நீக்கும்போது கோபிப்பார்கள். அதனால்தான் யாரும் நீக்குவதில்லை, தொகுப்பு வீங்குகிறது. மூன்று படியில் செய்யுங்கள். முதலில், ‘இனி புதிதாகப் பயன்படுத்த வேண்டாம், மாற்று இது’ என்று ஆவணத்திலும் கோடிலும் எச்சரிக்கை. அடுத்து, எந்த அணி இன்னும் பயன்படுத்துகிறது என்று தேடி, அவர்களிடம் நேரில் பேசி, நாள் குறிப்பது. கடைசியாக, அடுத்த பெரும் பதிப்பில் எடுத்துவிடுவது. இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்தால் அந்த அணி பழைய பதிப்பிலேயே உறைந்துவிடும். பிறகு நீங்கள் கொடுக்கும் பாதுகாப்புத் திருத்தமும் அவர்களைச் சென்றடையாது.

எதை அளப்பது

எத்தனை அணி பயன்படுத்துகிறது என்ற எண் நிர்வாகத்துக்குப் பிடிக்கும். உங்களுக்கு வேறு மூன்று எண்கள் வேண்டும். அணிகள் எத்தனை இடங்களில் உங்கள் காம்போனென்ட்டை வளைத்து ஒடித்து மாற்றியிருக்கின்றன. எத்தனை அணிகள் கடைசிப் பெரும் பதிப்பில் இருக்கின்றன. ஒரே கேள்வி உதவிக் குழுவில் எத்தனை முறை வருகிறது. வளைத்தல் அதிகம் என்றால் காம்போனென்ட் தேவைக்குப் பொருந்தவில்லை. பழைய பதிப்பில் தேங்கினால் உங்கள் மேம்படுத்தும் வழி கடினமாக இருக்கிறது. கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் ஆவணத்தில் அந்தப் பத்தி சரியில்லை. மூன்றிலும் திருத்திக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். அணிகளை மிரட்டிப் பயன்படுத்த வைத்தால், அடுத்த மேலாளர் வந்ததும் விட்டுவிடுவார்கள்.

முதல் 12 வாரத் திட்டம்

- வாரம் 1–2: கணக்கெடுப்பு, பலகை, ஐந்து காம்போனென்ட் தேர்வு, பொறுப்பாளர் பெயர்.
- வாரம் 3–4: நிறம், இடைவெளி, எழுத்து ஆகியவற்றின் டோக்கன், வேறுபாட்டுச் சோதனை.
- வாரம் 5–8: பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, பிழைச் செய்தி; கோட், ஆவணம், இரு மொழிச் சோதனை.
- வாரம் 9–10: உண்மையில் ஓடும் ஒரு தயாரிப்பின் ஒரு படிவத்தை இவற்றால் மட்டும் திரும்பக் கட்டிப் பார்ப்பது. மாதிரித் திரை கணக்கில் வராது.
- வாரம் 11: அங்கே உடைந்ததைத் திருத்துவது.
- வாரம் 12: 1.0 வெளியீடு, மாற்றக் குறிப்பு, கோரிக்கை அனுப்பும் வழி. மீதி இரண்டு காம்போனென்ட் 1.1-க்கு.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேள்விகளுக்கு விடை, மாதத்துக்கு ஒரு வெளியீடு, காலாண்டுக்கு ஒரு களையெடுப்பு, ஆண்டுக்கு ஒரு மறு கணக்கெடுப்பு. இந்த நான்கையும் அலுவலக நாள்காட்டியில் இப்போதே போட்டுவிடுங்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு சோதனை வரும்: ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் யாருடைய பெயரை எழுதுவது, அவருடைய வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு? இதற்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தராவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். ஆதரவற்ற டிசைன் சிஸ்டம் ஒன்றைக் கட்டுவதைவிட, மற்றவர் பராமரிக்கும் நல்ல ஒன்றை எடுத்துப் பயன்படுத்துவதே உங்களுக்கும் உங்கள் பயனாளருக்கும் நல்லது.